கடலுக்கு முதுகு காட்டிய எலுமிச்சைகள்

புதன்கிழமை காலை எட்டே காலுக்கு நான்காவது எலுமிச்சையும் கையை விரித்துவிட்டது.

பல் டாக்டர் போனில் அழவில்லை, கத்தவும் இல்லை. பல்லைப் பிடுங்குவதற்கு முன் நோயாளியிடம் பேசுகிற அதே பஞ்சுக் குரலில், கொஞ்சம் வந்துவிட்டுப் போக முடியுமா என்று மட்டும் கேட்டார். அந்தக் குரலைக் கேட்ட யாரும் போன பல்லோடு திரும்பி வந்ததில்லை என்று ஊரில் பேச்சு.

லிஸ்ட் அக்கா பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வேனில் ஏறினாள்.

லிஸ்ட் அக்கா என்பது ஊர் வைத்த பெயர். கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு எந்தச் செடி பிழைக்கும், எது மண்டையைப் போடும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்து, தன் நர்சரியிலிருந்தே கொண்டுவந்து நட்டும் கொடுப்பாள். எண் போடாமல் அவளால் ஒரு விஷயத்தையும் யோசிக்க முடியாது. முதல் தடவை தன்னைச் சந்தித்தபோதே கையில் பதினேழு கேள்விகள் வைத்திருந்தாள் என்றும், பதினாறுக்குத் தப்பாகப் பதில் சொல்லியும் தன்னைத் தேர்ந்தெடுத்தாள் என்றும் அவள் வீட்டுக்காரர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வேன் ஓட்டுவது அவர்தான்.

"நாலாவதும் போயிடுச்சா?" என்றார் அவர், கியரை மாற்றிக்கொண்டே.

"போயிடுச்சு."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

அது அவளுக்குத் தெரியாதா? டாக்டரின் வீடு கடற்கரைத் தெருவின் முதல் வீடு. அதைத் தாண்டி அதே வரிசையில் பதினாலு வீடுகள். பதினாலுக்கும் முன்னால் மணல், பின்னால் மொட்டைத் தரை. வீட்டுக்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரே ஆளிடம் தோட்டத்தை ஒப்படைப்பதாக முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் சங்கத்துக்குச் செயலாளர் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பதினாலு பேரும் டாக்டர் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் பதினாலு தோட்டமும் லிஸ்ட் அக்காவுக்கு. பிடிக்காவிட்டால் சின்னவளுக்கு.

சின்னவள் என்பது அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. முதலில் இரண்டு பேரும் ஒரே நர்சரியில்தான் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன், தொட்டிக்கு எந்தப் பக்கம் ஓட்டை போடுவது என்ற வாக்குவாதம் எங்கெங்கோ போய், சின்னவள் இரண்டு தெரு தள்ளித் தனியாக நர்சரி திறந்துவிட்டாள். அண்ணனும் தம்பியும் இன்னும் ஒன்றாகத்தான் சீட்டாடுகிறார்கள். மனைவிகள்தான் ஒருத்தி தோட்டத்தை இன்னொருத்தி பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்.

டாக்டர் கிளினிக்குக் கிளம்பிய கோலத்தில் வாசலிலேயே நின்றிருந்தார். நேராகப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

நாலு எலுமிச்சையும் காய்ந்த துடைப்பம் மாதிரி நின்றன. அவற்றுக்கு முன்னால் இரண்டு வரிசை ரோஜா, இலை ஓரமெல்லாம் யாரோ தீக்குச்சி வைத்துச் சுற்றிவந்த மாதிரி கருகியிருந்தது. சுவரோரத்து மல்லிகை பாதி மொட்டை.

முன்பக்கம் போனால் வேறு உலகம். கடல் காற்று முகத்தில் அறைகிற இடத்தில் புன்னைக் கன்றுகள் மினுமினுவென்று நின்றன. அரளி பூத்துத் தள்ளியிருந்தது. காகிதப்பூ வேலியில் ஏறி அடுத்த வீட்டை எட்டிப் பார்த்தது. அடம்புக்கொடி மணலைப் பாய் விரித்த மாதிரி மூடியிருந்தது.

இதுதான் அவளைக் குடைந்தது. உப்புக் காற்றில் நேராக நிற்கிறவன் ஜம்மென்று இருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறவன் செத்துப்போகிறான். வீடு கட்டிய உயரத்துக்குப் பின்பக்கம் காற்றே வராது. அதனால்தான் உப்பைத் தாங்காத எலுமிச்சையையும் ரோஜாவையும் தைரியமாக அங்கே போட்டாள். எலுமிச்சை வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. ஆசையை லிஸ்டில் சேர்த்தது அவளுடைய கணக்கு.

டாக்டர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம் முன்பக்கத்தை மட்டும் காட்டி அனுப்பத் தன்னால் முடியாது என்றார். பல்லில் பாதியை மட்டும் சுத்தம் பண்ணி யாரையும் தான் அனுப்பியதில்லையாம். என்ன காரணம் என்று அதற்குள் கண்டுபிடித்துச் சொன்னால் நல்லது என்றார். கார் கிளம்பிப் போய்விட்டது.

லிஸ்ட் அக்கா குனிந்து ஒரு ரோஜா இலையைப் பிடித்து நாக்கால் நக்கினாள்.

வீட்டுக்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இருபது வருஷமாகப் பார்க்கிற காட்சிதான், ஆனாலும் பழகவில்லை. காற்றில் வந்த உப்பா, இல்லையா என்று சொல்ல அவளுக்கு அதுதான் கருவி. அரளியை மட்டும் தொடமாட்டாள், அது விஷம். முன்பக்கம் போய்ப் புன்னை இலையை நக்கினாள். நல்ல உப்பு. திரும்பி வந்து எலுமிச்சையின் மிச்ச இலையில் ஒரு தடவை. சப்பென்று இருந்தது.

அப்புறம் ரோஜாவின் தூரில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். வைத்த வேகத்தில் துப்பினாள்.

உப்பு. அதுவும் சாதாரண உப்பு இல்லை, நாக்கு சுருண்டுபோகிற உப்பு. வானத்திலிருந்து வரவில்லை. தரை வழியாக வந்திருக்கிறது. இலையின் ஓரத்திலிருந்து உள்ளே கருகிக்கொண்டு வந்ததன் அர்த்தமும் அதுதான், வேர் குடித்த உப்பு ஓரத்தில் போய்த் தேங்குகிறது.

யாரோ கொண்டுவந்து போடுகிறார்கள்.

அந்த யாரோ யார் என்று யோசிக்க அவளுக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. பின்சுவருக்கும் துணி துவைக்கிற கொட்டகைக்கும் நடுவில் ஒரு காலிச் சாக்கு கிடந்தது. உதறினாள். பரல் பரலாக நாலு உப்புக் கல் விழுந்தது.

வீட்டுக்காரர் சாக்கைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், வேனை நோக்கி நடக்க ஆரம்பித்தார். எங்கே போகவேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

டாக்டரிடம் சாக்கைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. குடும்பச் சண்டையைக் கொண்டுபோய் வாடிக்கையாளர் வீட்டில் கொட்டுவதா? அது அவளுக்குப் பிடிக்காத விஷயங்களின் பட்டியலில் இரண்டாவது.

சின்னவள் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். சாக்கு அவள் முன்னால் போய் விழுந்தது. எதற்கு என்று கேட்டாள். லிஸ்ட் அக்கா சொன்னாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டே சொன்னாள். கடைசியில் ஐந்தாவதாக, இவ்வளவு கீழே இறங்குவாய் என்று நினைக்கவில்லை என்றும் சொன்னாள்.

சின்னவள் மண் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். கோபம் வந்தால் அவளுக்குச் சிரிப்புதான் வரும்.

"அக்கா, நான் உன் தோட்டத்துல கை வைக்கணும்னா உப்பு எதுக்கு? உன் லிஸ்டை எடுத்து ரெண்டு வரியை மாத்தி வச்சா போதும். நீயே கண்ணை மூடிக்கிட்டுக் கொன்னுடுவ."

"அப்ப யாரு போட்டது?"

"அதைத்தான் நானும் பாக்கணும். டாக்டர் கிளினிக் போனப்புறம்தானே வீடு காலி? நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு நானும் வந்து உக்காருறேன். ஆளைப் பிடிக்கிறோம். பிடிச்சதும் அங்கேயே, அந்த இடத்துலேயே, நீ என்கிட்ட மன்னிப்புக் கேக்கிற."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இரண்டு ஓரகத்திகளும் துவைக்கிற கொட்டகைக்குப் பின்னால் இரண்டு கவிழ்த்த தொட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பிளாஸ்க். பேச்சு வார்த்தை கிடையாது என்பது பொது ஒப்பந்தம். அது ஒன்பது ஐந்து வரை தாக்குப்பிடித்தது.

சின்னவள்தான் ஆரம்பித்தாள். முன்பக்கம் அரளியை இவ்வளவு நெருக்கமாகவா நடுவார்கள் என்று பொதுவாகக் காற்றிடம் கேட்டாள். காற்று பதில் சொல்லாததால் லிஸ்ட் அக்கா சொன்னாள். நெருக்கமாக நட்டால்தான் காற்று சல்லடையில் வடிகிற மாதிரி வடிந்து வரும், உப்பெல்லாம் முதல் வரிசையிலேயே தங்கிவிடும், சிலபேர் மாதிரி சுவர் எழுப்பினால் காற்று சுவரைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் மொத்த உப்பையும் கொட்டும் என்றாள். சிலபேர் என்பது யார் என்று சின்னவளுக்குப் புரிந்தது. போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் பேச்சைக் கேட்டுச் சுவர் எழுப்பி, இருபது குரோட்டன்ஸைப் பறிகொடுத்தவள் அவள். உடனே பழைய தொட்டி ஓட்டை விவகாரம் வெளியே வந்தது. பதினொன்றரைக்குப் பிளாஸ்க் காலி. ஒரு மணிக்கு டாக்டர் சாப்பிட வந்துவிட்டார். வியாழக்கிழமைக்குக் கிடைத்த ஒரே சந்தேக நபர் ஒரு சாம்பல் நிறப் பூனை. அது மல்லிகைக்கு அடியில் செய்த காரியத்தில் உப்பு இருந்தாலும் இவ்வளவு இருக்காது.

வெள்ளிக்கிழமை மறுபடி ஒன்பது மணி. மறுபடி தொட்டி, மறுபடி பிளாஸ்க்.

சரியாகப் பதினொரு மணிக்குச் சுவருக்குள் யாரோ கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் ஒருத்தி முழங்கையை ஒருத்தி பிடித்தார்கள். வீடு பூட்டியிருக்கிறது. உள்ளே ஆள் கிடையாது. ஆனால் பின்சுவரில் தரையை ஒட்டி இருந்த குழாய் லொடலொடவென்று தண்ணீரைக் கக்கியது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்து, எலுமிச்சையைச் சுற்றி, ரோஜா வரிசைக்குள் நுழைந்து, மல்லிகையைப் போய்த் தொட்டது. அந்த வாய்க்காலை வெட்டியது யார்? லிஸ்ட் அக்காதான். குளிக்கிற தண்ணீரும் துணி அலசுகிற தண்ணீரும் வீணாகாமல் வரவேண்டும் என்று அளவெடுத்து வெட்டியது.

இப்போது யார் குளிக்கிறார்கள்?

குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கடல்கூட இவ்வளவு கரிக்காது.

சின்னவளும் விரலை விட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அப்புறம் குழாய் போகிற வழியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனாள். சுவரோடு மேலே ஏறி, வளைந்து, துவைக்கிற கொட்டகைக்குள்ளேயே போனது. இரண்டு நாளாக இவர்கள் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே பலகைக்கு அந்தப் பக்கம். கொட்டகைக் கதவைத் தள்ளினார்கள். உள்ளே ஆள் உயரத்துக்கு நீல நிறத்தில் ஒரு உருளை. பக்கத்தில் மூடி போட்ட ஒரு பெரிய டப்பா. டப்பாவுக்குப் பக்கத்தில் மூன்று உப்பு மூட்டை, காலிச் சாக்குக்கு உடன்பிறப்புகள். உருளை தானாக உறுமிக்கொண்டு, தானாகத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை இழுத்துக்கொள்கிற மிஷின். குழாயில் படலம் பிடிக்காது, துணி மொடமொடவென்று ஆகாது. ஆனால் இழுத்த சுண்ணாம்பு அதன் வயிற்றை அடைத்துக்கொள்ளும். மூன்று நாளைக்கு ஒருமுறை உப்புக் கரைசலால் தன் வயிற்றைத் தானே அலசிக்கொண்டு அந்தத் தண்ணீரைத் துப்பும். செவ்வாய் துப்பியிருக்கிறது. இன்றைக்கு வெள்ளி.

"கேளு அக்கா, மன்னிப்பு," என்றாள் சின்னவள்.

லிஸ்ட் அக்கா ஒழுங்காகக் கேட்டாள். சுருக்கமாக, எண் போடாமல் கேட்டாள். சின்னவள் அதைப் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டு, இனி இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லலாம் என்று விரலில் எண்ண ஆரம்பித்தாள்.

போன் பண்ணியதும் டாக்டர் இருபது நிமிஷத்தில் வந்தார். பிளம்பரும் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், காதில் பென்சில், தோளில் குழாய்த் துண்டு. இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான் வேலை பார்க்கிறார். ஒரு மாதத்துக்கு முன் இந்த மிஷினை மாட்டியதும் அவர்தான்.

டாக்டர் பஞ்சுக் குரலில் பேசினார். உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் செடிக்கு விட்டது எந்த ஊர் வேலை என்று கேட்டார். நாலு மரத்தைக் கொன்ற கை இனிமேல் இந்த வீட்டுக் குழாயைத் தொடவேண்டாம் என்றார். பதினாலு வீட்டுக்காரர்களிடமும் ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். சொன்னால் என்ன ஆகும் என்பது பிளம்பருக்குத் தெரியும். காதிலிருந்த பென்சிலை எடுத்தார், பார்த்தார், திரும்பச் சொருகினார். லிஸ்ட் அக்காவை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

ஒரு மாதத்துக்கு முன், வேன் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்த மத்தியானம். வீட்டுக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். பிளம்பர் போன் பண்ணினார். அவள் எழுதிக் கொடுத்திருந்த லிஸ்டில், வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போகக்கூடாது, எல்லாம் பின் தோட்டத்துக்கு என்று ஒன்பதாவதாக இருந்தது. அதைப் பற்றித்தான் ஏதோ சந்தேகம் கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்பது வார்த்தைக்கு வார்த்தை இப்போது காதில் கேட்டது.

பிளம்பர் சொல்லப்போவதில்லை. அவருக்கு வேலை பிடித்துக் கொடுப்பவளே அவள்தான். டாக்டர் தீர்ப்பைச் சொல்லியாகிவிட்டது. குற்றவாளி கிடைத்துவிட்டான். செடி தேர்ந்தெடுத்தவள் மேல் ஒரு கீறல் இல்லை. பதினாலு தோட்டமும் அப்படியே மடியில் வந்து விழும். சும்மா நின்றால் போதும். அதுவும் யார் முன்னால் வாயைத் திறப்பது? சின்னவள் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

சும்மாதான் நின்றாள், ஒரு பத்து விநாடி. பிளம்பர் குழாய்த் துண்டைத் தோளில் சரியாக வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்.

"டாக்டர், அவரை அனுப்பாதீங்க," என்றாள். "அவர் என்கிட்ட போன்ல கேட்டார், புது மிஷின் தண்ணியும் பின்னாலதான் விடணுமான்னு. என்ன மிஷின்னு நான் ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கல. எல்லாம்னா எல்லாம்தான், அதுல என்ன சந்தேகம்னு சொல்லி போனை வச்சுட்டேன். செடியைக் கொன்னது நான்தான்."

குழாய் கடைசி மடக்கைத் துப்பிவிட்டு ஓய்ந்தது.

டாக்டர் அவளை ஒரு கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போல் உற்றுப் பார்த்தார்.

"இதை என்கிட்ட மட்டும் சொல்றீங்களா, இல்ல ஞாயித்துக்கிழமை அவங்ககிட்டயும் சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"அப்ப செத்த செடி ஒண்ணைக்கூடப் பிடுங்காதீங்க. அப்படியே இருக்கட்டும்." பிளம்பர் பக்கம் திரும்பினார். "நீங்க அந்தக் குழாயை இன்னைக்கே சாக்கடைக்கு மாத்திடுங்க. முதல்லயே ஏன் சொல்லலை?"

பிளம்பர், அம்மா ஏதோ ஞாபகத்தில் சொல்லியிருப்பார்கள் என்று முனகிக்கொண்டே ஸ்பேனரைத் தேடினார்.

சின்னவளும் கூடவே வாசலுக்கு வந்தாள். ஸ்கூட்டரை உதைப்பதற்கு முன்னால், நானாக இருந்தால் நிச்சயம் சொல்லியிருக்க மாட்டேன் என்றாள். கேலியா, பாராட்டா என்று கேட்பதற்குள் தெரு முனை திரும்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் லிஸ்ட் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர், லாரி டிரைவர் மேலும் கொஞ்சம் தப்பு இருக்கிறது, அவன் வழி விட்டிருந்தால் ஹாரன் அடித்திருக்கமாட்டேன் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. பதினாலு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். சில வீட்டிலிருந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமாக வந்திருந்தார்கள். முன்பக்கத்தில் எல்லார் முகமும் மலர்ந்தது. புன்னை இலையைத் தடவிப் பார்த்தார்கள், அடம்புக்கொடியை மிதிக்கலாமா என்று கேட்டார்கள். அப்புறம் பின்பக்கம் வந்தார்கள். பேச்சு நின்றுபோனது.

லிஸ்ட் அக்கா எலுமிச்சைத் துடைப்பங்களுக்கு முன்னால் நின்று நடந்ததைச் சொன்னாள். போன், லாரி, எல்லாம்னா எல்லாம்தான், எதையும் விடவில்லை. இந்த மண்ணை இரண்டு மாதம் நல்ல தண்ணீர் விட்டு அலசியபிறகு தன் செலவில் மறுபடி நட்டுத் தருவதாகவும் சொன்னாள்.

தொப்பி போட்ட ஒருவர், தன் கையாலேயே செடியைக் கொன்றவரிடம் தோட்டத்தைக் கொடுப்பது எப்படி என்று நேராகக் கேட்டார். இரண்டு தலைகள் ஆமாம் என்று ஆடின. நியாயமான கேள்விதான் என்றாள் லிஸ்ட் அக்கா.

பின்வரிசையில் ஒரு அம்மா தயங்கித் தயங்கி, நீல நிறத்தில் உருளையாக இருக்குமே அந்த மிஷினா என்று கேட்டார். தங்கள் வீட்டிலும் அது இருக்கிறதாம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று இதுவரை யாரும் பார்த்ததில்லையாம். வேலியோரத்தில் ஒரு பூவரசைத் தவிர எது வைத்தாலும் பட்டுப்போகிறது, மண்ணில் ஏதோ குறை என்று இருந்துவிட்டார்களாம். அவர் வீட்டுக்காரர் அதற்குள் காணாமல் போயிருந்தார். ஏழு நிமிஷத்தில் செருப்பு நனைய ஓடிவந்து, விரலைக் காட்டி, அங்கேயும் உப்புதான் என்றார்.

அவ்வளவுதான். கூட்டம் கலைந்த வேகத்தைப் பார்க்கவேண்டுமே. ஆளாளுக்குத் தன் வீட்டுப் பின்சுவரைப் பார்க்க ஓடினார்கள். பன்னிரண்டு மணிக்குள் இன்னும் மூன்று வீட்டில் அதே கதை என்று தெரிந்தது. ஒரு வீட்டில் மிஷினே கிடையாது, ஆனாலும் அந்த வீட்டுக்காரர் பயத்தில் பத்து நிமிஷம் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

தோட்டத்தை அவளிடமே கொடுக்கிறவர்களின் பெயரை டாக்டர் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் லிஸ்ட் அக்காவிடம் நீட்டினார். பதினொரு பெயர் இருந்தது. தொப்பிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் அதில் இல்லை. அவர்கள் சின்னவளைக் கூப்பிடப்போகிறார்களாம்.

மூன்று போய்விட்டது. லிஸ்ட் அக்கா பெயர்களை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள். பதினொன்றுதான். கண்ணோரத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டு, கடல் காற்று இன்றைக்குக் கொஞ்சம் பலம் என்றாள். பின்பக்கத்தில் காற்றே வராது என்பதை வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தவில்லை.

பதினொரு வீட்டுக்காரர்களுக்கும் அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். எந்தச் செடி என்று அவளிடம் கேட்பதற்கு முன்னால் பிளம்பர் வந்து வீட்டைச் சுற்றி ஒரு நடை நடக்கவேண்டும். எந்தக் குழாய் எங்கே துப்புகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் பேனாவைத் திறப்பாள். பிளம்பர் இதைக் கேட்டு, பென்சிலை எடுத்துக் கூர் பார்த்துக்கொண்டார். முதல் வீட்டுக்கு அன்றைக்கே போகலாம் என்று முடிவானது. வேனில் முன்சீட்டு அவருக்குப் போனது. லிஸ்ட் அக்கா பின்னால், புன்னைக் கன்றுகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

வேன் கிளம்புவதற்குள் போன் அடித்தது. சின்னவள்.

"அக்கா, மூணு வீடு எனக்கு வந்திருக்கு தெரியுமில்ல? அந்தத் தொப்பிக்காரர் வீட்டுலயும் மிஷின் இருக்காம். உன் பிளம்பரைக் கொஞ்சம் அனுப்பேன்."

லிஸ்ட் அக்கா முன்சீட்டில் இருந்த தலையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"பதினோரு வீடு முடியட்டும்டி. அப்புறம் சொல்றேன்."

வேன் கிளம்பியது.